இசையாசிரியரின் சாதனையை எதைக் கொண்டு எண்ணுவது?

இசைத் துறை ஆசிரியர் ஒருவரின் பணியை மதிப்பிடும்போது மேடை, ஆய்வு, கற்பித்தல் என்று மூன்று தலைப்புகளின்கீழ் கணக்கெடுப்பது வழக்கமாகிவிட்டது. மேடைக்கு அழைப்பிதழும் நாளிதழ்ச் செய்தியும் சான்றாகின்றன. ஆய்வுக்கு இதழின் பெயரும் வெளியான ஆண்டும் சான்றாகின்றன. கற்பித்தலுக்கு மட்டும் வருகைப் பதிவேட்டையும் தேர்ச்சி விழுக்காட்டையும் தவிரக் காட்டுவதற்கு ஏதும் இருப்பதில்லை. ஒரு மாணவன் பத்தாண்டுகள் கழித்து எப்படி வாசிக்கிறான் என்பதை எந்தப் படிவமும் கேட்பதில்லை. இந்தக் குறை பெரிய நகரங்களில் அவ்வளவாகத் தெரியாது. அங்கே சபாக்களும் பல்கலைக்கழகங்களும் அருகருகே இருப்பதால் ஒன்றில் விடுபட்டது மற்றொன்றில் ஈடாகிவிடும். தருமபுரி, கிருஷ்ணகிரி போன்ற மாவட்டங்களிலிருந்து பார்க்கும்போதுதான், மூன்றையும் தனித்தனியாக எண்ணுவதால் எவ்வளவு இழக்கிறோம் என்பது புலப்படுகிறது.

முதலில் அமைப்பைத் தெரிந்துகொள்வது நல்லது. தமிழ்நாடு அரசின் கலை பண்பாட்டுத் துறை சென்னை, மதுரை, கோவை, திருவையாறு ஆகிய ஊர்களில் இசைக் கல்லூரிகளை நடத்துகிறது. அதற்கு அடுத்த நிலையில், 17 இடங்களில் மாவட்ட அரசு இசைப்பள்ளிகள் இயங்குகின்றன. அவற்றுள் ஒன்று கிருஷ்ணகிரியில் இருக்கிறது. குரலிசை, நாதஸ்வரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம் ஆகிய பாடங்களில் மூன்றாண்டுச் சான்றிதழ்ப் படிப்பை இப்பள்ளிகள் தருகின்றன. 12 வயது முதல் 25 வயது வரை உள்ளவர்கள் சேரலாம். குரலிசை, பரதம், வயலின், மிருதங்கத்திற்கு ஏழாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும். நாதஸ்வரம், தவில், தேவாரத்திற்குத் தமிழில் எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும். பள்ளிப் படிப்பை இடையில் விட்ட பிள்ளைகள் நிறைய இருந்த ஒரு பகுதிக்கு இந்தக் கடைசி விதி எவ்வளவு பெரிய வாசல் என்பதை இங்குள்ளவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 1965-இல் சேலத்திலிருந்து தருமபுரி மாவட்டமும், 2004-இல் தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி மாவட்டமும் பிரிந்தன. அதற்குப் பிறகும் முறையாக இசை கற்று மேற்படிப்புக்குப் போக நினைப்பவர்கள் 200 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ள ஊர்களையே நாட வேண்டியிருக்கிறது.

கல்லூரி, பல்கலைக்கழக ஆசிரியர்களுக்கான தகுதிகளைப் பல்கலைக்கழக மானியக் குழு வகுக்கிறது. இசைக்கு அக்குழு ஒரு தனி வழியையும் திறந்து வைத்திருக்கிறது என்பது பலருக்குத் தெரியாத செய்தி. 2018-ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, முதுகலைப் பட்டமும், ஆசிரியர் தகுதிக்கான நெட் என்ற தேசியத் தேர்வும் அல்லது முனைவர் பட்டமும் பெற்றவர்கள் உதவிப் பேராசிரியராகலாம். அதற்கு மாற்றாக, இளங்கலைப் பட்டம் பெற்று, புகழ்பெற்ற ஆசான்களிடம் பயின்று, வானொலி அல்லது தொலைக்காட்சியில் 'ஏ' நிலைக் கலைஞராக இருப்பவர், பாடப் பொருளைக் காரணம் காட்டி விளக்கும் ஆற்றல் உடையவரானால் அதே பதவிக்கு வரலாம். மேடையில் தேறியவரை வகுப்பறைக்குக் கொண்டுவரும் இந்த வழி மிகவும் பயனுள்ளது. இது இல்லாவிட்டால் நல்ல வித்துவான்கள் பலர் கல்லூரிப் படியை மிதித்திருக்கவே மாட்டார்கள். ஆனால் பதவிக்கு வந்த பிறகு மதிப்பெண் கணக்கு வேறு திசையில் போகிறது. கலை, மானுடவியல் துறைகளில் ஏற்கப்பட்ட இதழில் வெளிவரும் ஒரு கட்டுரைக்கு 10 மதிப்பெண். ஆய்வாளர் ஒருவர் முனைவர் பட்டம் பெற்றால் நெறியாளருக்கு 10 மதிப்பெண். மூன்று மணி நேரக் கச்சேரிக்கு அல்லது சுருதி சேராத மாணவனைச் சுருதியில் நிறுத்திய ஓராண்டு உழைப்புக்கு இப்படி ஒரு எண்ணை ஒட்டுவது எளிதல்ல. ஆகவே எண்ணக்கூடியது முன்னுக்கு வருகிறது. எண்ண முடியாதது பின்தங்கிப் போகிறது.

இது எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1949-இல் சென்னையில் கர்நாடக இசைக்கான அரசுக் கல்லூரி தொடங்கப்பட்டபோது அதன் முதல்வராக அமர்ந்தவர் முசிறி சுப்பிரமணிய ஐயர். 1939-இலேயே மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருது பெற்று, கச்சேரி உலகில் உச்சத்தைப் பார்த்துவிட்டவர். உடல்நிலை காரணமாக மேடையைக் குறைத்துக்கொண்ட அவர், பிற்பாதி வாழ்க்கையை முழுக்கக் கற்பித்தலுக்கே கொடுத்தார். டி.கே. கோவிந்தராவ், மணி கிருஷ்ணசாமி, சுகுணா புருஷோத்தமன் ஆகியோர் அவரிடம் பயின்றவர்கள். அவர் பேரில் ஆய்வுக் கட்டுரைப் பட்டியல் ஒன்றும் நீளமாக இருக்காது. எனினும் பாட்டின் ஒரு வரியையே பலவாறு விரித்துப் பாடும் நிரவலைச் செய்யும்போது சொல்லின் பொருள் சிதையாமல், உணர்ச்சி கெடாமல், காலத்தை நிதானமாக எடுத்துச் செல்லும் முறை அவரிடமிருந்து அவர்களுக்கும், அவர்களிடமிருந்து அடுத்த தலைமுறைக்கும் சென்றது. இன்றைய படிவத்தில் அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று யோசித்துப் பார்க்கலாம்.

அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் வரலாறும் இதையே சொல்கிறது. டைகர் வரதாச்சாரியார், தஞ்சை பொன்னையா பிள்ளை, பிற்காலத்தில் எம்.எம். தண்டபாணி தேசிகர் என்று சிதம்பரத்தில் இசை கற்பித்தவர்களின் வரிசை, மேடையையும் வகுப்பையும் ஒரே வேலையாகச் செய்தவர்களின் வரிசை. தேசிகர் ஓதுவார் மரபில் வந்தவர். திரைப்படத்திலும் பாடி நடித்தவர். தமிழிசை இயக்கம் வலுப்பெற்ற காலத்தில் மேடைக்குத் தேவையான தமிழ்ப் பாடல்களைத் தாமே இயற்றியும் இசையமைத்தும் மாணவர்களுக்குக் கொடுத்தவர். பாடத்திட்டத்தில் இல்லாததை ஆசிரியரே உண்டாக்கிக் கொடுப்பது கற்பித்தலின் உயர்ந்த நிலை என்பதே என் எண்ணம்.

ஆய்வின் பக்கம் வந்தால், சென்னைப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய பி. சாம்பமூர்த்தியின் பெயரை முதலில் சொல்ல வேண்டும். ஆறு பகுதிகளாக அவர் எழுதிய தென்னிந்திய இசை நூல், இசையைப் பாடமாக எடுத்த மாணவர்களுக்குப் பல பத்தாண்டுகள் கைநூலாக இருந்தது, இன்றும் இருக்கிறது. வீ.ப.கா. சுந்தரம் தொகுத்து, பாரதிதாசன் பல்கலைக்கழகம் நான்கு தொகுதிகளாக வெளியிட்ட தமிழிசைக் கலைக்களஞ்சியம் மற்றொரு பெரும்பணி; அவருக்குத் தாள முழக்கில் நேரடிப் பயிற்சி இருந்ததால், நூலில் தாளத்தைப் பற்றிய விளக்கங்கள் கையில் தட்டிப் பார்த்து எழுதியவையாக இருக்கின்றன.

ஆயினும் மூன்று தலைப்புகளையும் ஒரே ஆளில் காண விரும்புவோர் எஸ். இராமநாதனைத்தான் பார்க்க வேண்டும். 1917-இல் விழுப்புரத்தை அடுத்த வளவனூரில் பிறந்த அவர் பாடகர். மதுரை சத்குரு சங்கீத வித்யாலயத்தில் முதல்வராக இருந்து ஆசிரியர்களை உருவாக்கியவர். சிலப்பதிகாரத்தில் உள்ள இசைச் செய்திகளை ஆராய்ந்து அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். 1985-இல் சங்கீத கலாநிதி விருதும் பெற்றார். ஆய்ச்சியர் குரவையில் ஏழு பெண்களுக்குக் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்று ஏழு சுரப் பெயர்களைச் சூட்டி வட்டமாக நிறுத்துவதை நாம் இலக்கிய வகுப்பில் ஒரு வருணனையாகப் படித்துவிட்டுப் போகிறோம். 'ச' ஆகக் கொள்ளும் ஆதார சுரத்தை ஒவ்வொரு இடமாக மாற்றினால் ஒவ்வொரு பண் பிறக்கும் என்ற கணக்கு அந்த வட்டத்துக்குள் இருக்கிறது. மோகன இராகத்தின் ரிஷபத்தை ஆதாரமாக வைத்துப் பாடினால் மத்யமாவதி வரும்; காந்தாரத்தை வைத்தால் இந்தோளம்; பஞ்சமத்தை வைத்தால் சுத்த சாவேரி; தைவதத்தை வைத்தால் சுத்த தன்யாசி. இதைப் படித்துத் தெரிந்துகொள்பவருக்கு ஒரு தகவல் கிடைக்கிறது. பாடகரான ஆய்வாளர் ஒருவர் எதிரே உட்கார்ந்து பாடிக் காட்டக் கேட்பவருக்கு அந்த வட்டமே காதில் விழுகிறது. இராமநாதனின் விளக்கவுரைகள் அறியப்பட்டது இதற்காகத்தான். அவருடைய ஆய்வு குரலால் சோதிக்கப்பட்டது. கற்பித்தல் ஆய்வால் ஆழம் பெற்றது. அவருக்கு முன்னும் பின்னும் வெஸ்லியனோடு தொடர்புடைய புல்லாங்குழல் கலைஞர் டி. விஸ்வநாதனும் அப்படியே: வீணை தனம்மாளின் பேரன், சென்னைப் பல்கலைக்கழக இசைத் துறைக்குத் தலைமை தாங்கியவர், இராக ஆலாபனையை ஆய்வுப் பொருளாக எடுத்து முனைவர் பட்டம் பெற்றவர், பல பத்தாண்டுகள் அமெரிக்க மாணவர்களுக்குத் தனம்மாள் வீட்டுப் பதங்களைப் பாடிக் கற்பித்தவர்.

இந்தப் பெயர்களையெல்லாம் சொல்லிவிட்டுக் கிருஷ்ணகிரிக்குத் திரும்பினால், இங்குள்ள இசைப்பள்ளி ஆசிரியர் அவர்களோடு ஒப்பிடத் தக்கவரா என்ற கேள்வி எழலாம். அவருடைய வேலையை அருகிலிருந்து பார்த்தால் அந்தக் கேள்வியின் தன்மை மாறிவிடும்.

நாதஸ்வர வகுப்பையே எடுத்துக்கொள்வோம். நாதஸ்வரத்தில் சாவிகள் இல்லை. விரல் மூடும் துளைகள் ஏழுதான். இடைப்பட்ட சுரங்களை, மூச்சின் அழுத்தத்தாலும் வாயில் வைத்து ஊதும் நாணல் துண்டாகிய சீவாளியை உதடு பிடிக்கும் பிடியாலும் துளையைப் பாதி மூடுவதாலுமே கொண்டுவர வேண்டும். ஆர்மோனியத்தில் ஒரு கட்டையை அழுத்தினால் சுரம் தானே வந்துவிடும். இங்கே ஒவ்வொரு சுரத்தையும் வாசிப்பவரே உண்டாக்க வேண்டும். புதிதாகச் சேர்ந்த பையன் சீவாளியை வாயில் நனைத்து, பதம் வந்த பிறகு கெண்டை என்ற சிறு உலோகக் குழலில் பொருத்தி ஊதும்போது முதல் சில வாரங்கள் ஓசைதான் வரும், நாதம் வராது. சீவாளி பல்லில் படாமல் உதட்டுக்குள் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதை வாயால் சொல்லி விளங்கவைக்க முடியாது. ஆசிரியர் தாமே ஊதிக் காட்டி, பையன் ஊதுவதைக் கேட்டு, தாடையைத் தொட்டுத் திருத்தி, மறுபடியும் ஊதச் சொல்ல வேண்டும். பின்னர் நாவால் சுரத்தைத் தட்டித் தட்டி எடுக்கும் துத்துகாரம், அதன் பிறகு மாயாமாளவகௌளை இராகத்தில் தொடக்கப் பயிற்சிகளான சரளி வரிசை, ஜண்டை, அலங்காரம். தவில் வகுப்பில் இதே பாடு வேறு வடிவில் இருக்கிறது: வலக்கை விரல்களில் கூடு மாட்டி வலப்பக்க முகமான வலந்தலையை அடிப்பதும் இடக்கையில் கழி பிடித்து இடப்பக்க முகமான தொப்பியை அடிப்பதும் இரண்டு வெவ்வேறு உடற்பயிற்சிகள், தாளச் சொற்களின் கோவையான சொற்கட்டை வாயில் சொல்லி, கையில் தாளம் போட்டுப் பழகாதவனுக்கு அவை இரண்டும் ஒன்று சேரவே சேராது. குடும்ப வழியில் வந்த பிள்ளை இதையெல்லாம் ஐந்து வயதிலிருந்து காதில் வாங்கிக்கொண்டே வளரும். இசைப்பள்ளிக்கு வருபவர்களில் பலருக்கு வீட்டில் அந்தச் சூழல் இல்லை. சில சமூகங்களுக்குள் மட்டும் தந்தையிடமிருந்து மகனுக்குப் போய்க்கொண்டிருந்த பயிற்சியை, பதினாறு வயதில் வந்து நிற்கும் ஒரு பையனுக்கு மூன்று ஆண்டுகளில் கொடுக்க வேண்டிய பொறுப்பு அந்த ஆசிரியருடையது. இது புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டிய கற்பித்தல் முறை. எந்த மரபும் இதை அவருக்குத் தயாராகக் கொடுக்கவில்லை.

குரலிசை வகுப்பில் இந்த மாவட்டத்துக்கே உரிய மற்றொரு நிலைமை உண்டு. ஓசூர், பாகலூர், வேப்பனப்பள்ளி, தளி, அஞ்செட்டிப் பக்கத்துப் பிள்ளைகளில் தெலுங்கையோ கன்னடத்தையோ வீட்டில் பேசுபவர்கள் கணிசம். புரந்தரதாசரின் தொடக்க மாணவர்க்கான மலகரி இராகப் பிள்ளாரி கீதம் கன்னடம் பேசும் பிள்ளையின் வாயில் இடறாமல் வரும். தியாகராஜர் கிருதியின் ஒரு சொல்லைத் தெலுங்குப் பிள்ளை பாட்டியிடம் கேட்ட சொல்லாக அடையாளம் கண்டுகொள்ளும். அதே பிள்ளைகள் தேவார வகுப்பில் தமிழின் பழைய சொற்களுக்காகத் திணறுவார்கள். தஞ்சாவூரில் இது நேர்மாறாக இருக்கும். கிருதியைப் பதம் பிரித்துப் பொருள் புரியக் கற்பிப்பதற்கும், தேவாரத்தில் மேகராகக்குறிஞ்சிப் பண்ணை நீலாம்பரி இராகமாகவும் கௌசிகப் பண்ணைப் பைரவியாகவும் இன்று பாடும் முறையை விளக்குவதற்கும், ஒரே வகுப்பில் மூன்று மொழிகளுக்கு இடையில் நின்று பேசத் தெரிந்த ஆசிரியர் தேவைப்படுகிறார். அந்தத் திறமையை அளக்க எந்தத் தேர்வும் இல்லை.

மேடைச் சாதனை என்பதும் இங்கே வேறு பொருள் கொள்கிறது. மார்கழி சீசனில் சென்னைச் சபா ஒன்றில் இடம் கிடைப்பது பெருமைதான். அதை விரும்பாத கலைஞர் இல்லை. ஆனால் தருமபுரிக் கலைஞரின் பெரும்பாலான வாசிப்பு கோயில் திருவிழாவிலும் முகூர்த்த மாதங்களில் கல்யாண மண்டபத்திலுமே நடக்கிறது. அந்த மண்டபத்தில் அவர் செண்டை மேளத்தோடும் பேண்டு செட்டோடும் ஒலிபெருக்கியோடும் போட்டி போட வேண்டியிருக்கிறது. அதற்கு நடுவில் மாப்பிள்ளை அழைப்பில் ஒரு வர்ணத்தையும், ஊஞ்சலுக்கு ஓர் ஊஞ்சல் பாட்டையும், கெட்டிமேளத்துக்கு முன் இரண்டு நிமிடம் ஓர் இராகத்தையும் பிசகாமல் வாசித்துவிட்டு வரும் மாணவன், தன் ஆசிரியரின் மேடைச் சாதனையையும் சேர்த்தே சுமந்துகொண்டு போகிறான். மாவட்டக் கலை மன்றங்கள் வயதுக்கேற்ப கலை இளமணி, கலை வளர்மணி, கலைச் சுடர்மணி, கலை நன்மணி, கலை முதுமணி என்று ஐந்து விருதுகளைக் கொடுப்பது இவ்வகையில் நல்ல ஏற்பாடு. ஊர்க் கலைஞரை ஊரிலேயே வைத்து மதிக்கும் வழி அது. தருமபுரியில் 102.5 பண்பலையில் இயங்கும் அரசு வானொலி இந்த மண்ணின் கலைஞர்களின் வாசிப்பை ஒலிபரப்புவதோடு நின்றுவிடாமல், தொடர்ந்து பதிவு செய்து பேணிவைத்தால் அதுவே காலப்போக்கில் ஓர் ஆவணக் காப்பகமாகும்.

இனி ஆய்வு. நான் அதிகம் கவலைப்படுவது இதைப் பற்றித்தான். கல்லூரிப் பேராசிரியரிடம் ஆய்வு எதிர்பார்க்கப்படுகிறது. இசைப்பள்ளி ஆசிரியரிடம் அது எதிர்பார்க்கப்படுவதே இல்லை. ஆனால் ஆராய வேண்டிய பொருள் இசைப்பள்ளி ஆசிரியரின் வீட்டு வாசலில் இருக்கிறது. தருமபுரி, பென்னாகரம், பாலக்கோடு, கிருஷ்ணகிரிப் பகுதிகளில் திரௌபதியம்மன் கோயில்களில் மகாபாரத விழா நடக்கும்போது, பகலில் பிரசங்கியார் வில்லிபாரத விருத்தங்களை இராகம் மாற்றி மாற்றிப் பாடிக் கதை சொல்கிறார். இரவில் கூத்து விடிய விடிய நடக்கிறது. அர்ச்சுனன் தபசு, துரியோதனன் படுகளம் என்று நாட்கள் நகர்கின்றன. கூத்து வாத்தியார் முழு ஆட்டத்தையும் மனப்பாடமாக வைத்திருப்பவர். வேடம் திரைக்குப் பின்னால் நின்று பாடும் விருத்தத்திற்கு எந்த இராகம், கோபத்தில் வரும் தரு என்ற கூத்துப் பாட்டுக்கு என்ன தாளம், புலம்பலுக்கு எந்த மெட்டு என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. அவர் சொல்லும் இராகப் பெயர்கள் கர்நாடக இசையில் உள்ள பெயர்களாக இருந்தாலும், பாடும்போது சுரங்கள் அதே இடத்தில் நிற்கின்றனவா, வேறு வழியில் போகின்றனவா என்பது கேட்டு, எழுதி, ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய செய்தி. கூத்தில் ஒலிக்கும் முகவீணை நாதஸ்வரத்தின் சிறிய உறவு. அதன் விரலடிகளைச் சுரப்படுத்தி எழுத மற்றவர்களைவிட ஒரு நாதஸ்வர ஆசிரியருக்கே தகுதி அதிகம். மரத்தால் ஒன்றும் பித்தளையால் ஒன்றுமாகச் சேர்த்துக் கட்டி இடுப்பில் மாட்டி அடிக்கும் பம்பையின் சொற்கட்டுகளை, சாமி அழைப்பில் நடை எப்படி மெல்ல மெல்ல ஏறுகிறது என்பதை, தவில் ஆசிரியர் ஒருவரால் ஒரே இரவில் காதில் பிடித்துவிட முடியும். வெளியூர் ஆய்வாளர் ஒலிப்பதிவுக் கருவியோடு வந்தாலும் அதில் பாதியைத்தான் எடுத்துச் செல்வார்.

இந்த மண்ணுக்கு முழவோடுள்ள தொடர்பு புதிதல்ல. இன்றைய தருமபுரியாகிய தகடூரை ஆண்ட அதியமானைப் பற்றி ஔவையார் பாடிய புறநானூற்றுப் பாட்டு ஒன்றில், மன்றத்தில் தொங்கும் தண்ணுமை என்ற முழவின் முகத்தில் காற்று மோதி ஓசை எழுந்தாலும், போர்ப்பறை என்று எண்ணி அவன் மகிழ்ந்தெழுவதாக வருகிறது. காற்று பட்டாலே ஒலிக்கும் அளவுக்கு இழுத்துக் கட்டிய வாரும் தெளிந்த முகமும் அப்பாட்டில் குறிப்பிடப்படுகின்றன. இது இலக்கியச் செய்தியாக மட்டும் படிக்கப்பட்டுவருகிறது. தோற்கருவி ஆசிரியர் ஒருவர் கருவியமைப்புச் செய்தியாகவும் அதைப் படித்துக் காட்டலாம்.

நடைமுறையில் இதற்குத் தடையாக இருப்பவை பெரிய விஷயங்கள் அல்ல. இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகள் ஷோத்கங்கா இணையக் களஞ்சியத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. கைப்பேசியில் ஒலிப்பதிவு செய்ய முடிகிறது. சுரக்குறிப்பு எழுத இசைப்பள்ளி ஆசிரியர்களுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. இல்லாதது, இதைச் செய்தால் பணிக்குறிப்பில் ஏறும் என்ற உறுதியும், செய்வதற்கு ஒதுக்கப்பட்ட நேரமும்தான். இசை மற்றும் கவின்கலைகளுக்கென்றே 2013-இல் தொடங்கப்பட்ட பல்கலைக்கழகம் தமிழ்நாட்டில் இருக்கிறது. அப்பல்கலைக்கழகப் பேராசிரியரும் மாவட்ட இசைப்பள்ளி ஆசிரியரும் கூட்டாக ஓர் ஆய்வை மேற்கொள்ளவும், வெளியாகும் கட்டுரையில் இருவர் பெயரும் இடம்பெறவும் வழி செய்தால், ஒருவரிடம் உள்ள ஆய்வு முறையும் மற்றவரிடம் உள்ள செவியும் சேரும். ஒவ்வோர் ஆண்டும் விழாக் காலத்தில் பத்து நாட்களைக் களப்பணியாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம். மாணவர்களையும் உடன் அழைத்துச் சென்றால் அதுவே வகுப்பாகவும் அமையும். அவர்கள் கூத்து மேடையின் ஓரத்தில் அமர்ந்து எழுதிவரும் மெட்டுகளை மறுநாள் பள்ளியில் வாசித்துப் பார்க்கலாம். ஆண்டு விழாவில் அவற்றை மேடையேற்றலாம்.

கற்பித்தலை மதிப்பிட, படிப்பை முடித்த மாணவர்களை ஐந்தாம் ஆண்டிலும் பத்தாம் ஆண்டிலும் தேடிப் போய்ப் பார்க்கும் ஏற்பாடு ஒன்று வேண்டும். யார் இசைக் கல்லூரிக்குப் போனார்கள், யார் கோயிலில் பணியில் இருக்கிறார்கள், யார் சொந்தமாக மேளம் வைத்திருக்கிறார்கள், யார் வாத்தியத்தைக் கீழே வைத்துவிட்டு ஓசூர்த் தொழிற்சாலைக்குப் போய்விட்டார்கள், போனவர்கள் எந்தக் காரணத்தால் போனார்கள் என்ற விவரங்கள் ஒரு பதிவேட்டில் இருந்தால், ஆசிரியரின் பணி எங்கே பலித்தது, எங்கே சூழல் கைவிட்டது என்பதைப் பிரித்தறியலாம். இசைப்பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டிலேயே மாணவர்களின் ஊரும் முகவரியும் இருப்பதால், இந்தக் கணக்கெடுப்பைத் தொடங்குவதற்குப் புதிதாக நிதி எதுவும் தேவையில்லை.